ஹட்லி ஸ்டேஷனில் அடுத்த ரயில் எத்தனை மணிக்கு? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது ‘ஓ, டாக்டர் பீச்சிங்!’ என்ற பழைய பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடரைப் பற்றி இரண்டு வரி சொல்லியிருந்தேன். அதற்கே இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. சரி, இந்த மாதம் முழுக்க அந்தத் தொடரின் கதை நடக்கிற ஹட்லி ஸ்டேஷன்தான். மகள் லண்டனிலிருந்து வரும்போது கொண்டுவந்த டிவிடியில் பார்த்தேன். மட்டக்களப்பு ரயில் பாதையில் நிலைய அதிபராக வேலை செய்து ஓய்வுபெற்றவன் நான். அதனால் பார்க்கிற கண்ணும் அப்படித்தான் இருக்கும்.

கேள்வி: மாமா, அது எதைப் பற்றிய தொடர்? ஹட்லி என்று உண்மையிலேயே ஓர் ஊர் இருக்கிறதா? – வாசகி, ஆரையம்பதி

மகள், தொடரில் வருகிற ஹட்லி கற்பனை ஊர். படம்பிடித்த இடம் உண்மையான ஸ்டேஷன். இங்கிலாந்தில் செவர்ன் ஆற்றங்கரையில் இருக்கிற ஆர்லி என்ற சின்ன ஸ்டேஷன் அது. 1995 ஆகஸ்டில் பிபிசி ஒரு பகுதியை மட்டும் போட்டுப் பார்த்தது. பிறகு 1996, 1997 இரண்டு வருடமும் தொடராக வந்தது.

கதை நடப்பது 1963இல். ஒரு கிளைப் பாதை, அதில் ஒரு சின்ன ஸ்டேஷன், அங்கே வேலை செய்கிற ஏழெட்டுப் பேர். புதிய நிலைய அதிபர் சிசில் பார்க்கின் வந்து இறங்குகிறார். விதிப்புத்தகத்தை விட்டு ஓர் அங்குலம் நகராதவர். அதுவரை ஸ்டேஷனைப் பார்த்துக்கொண்டிருந்த தலைமைப் போர்ட்டர் ஜாக் ஸ்கின்னருக்கு அவரைப் பிடிக்கவில்லை. ஜாக்கின் மனைவி மே, ஸ்டேஷன் தேத்தண்ணிக் கடையை நடத்துகிறவள். கலியாணத்துக்கு முன் அவளும் சிசிலும் பழகியவர்கள். டிக்கட் கவுண்டரில் எத்தல், போர்ட்டராக அவளுடைய மகன் வில்ஃபிரட். ஜாக்காக பால் ஷேன், எத்தலாக சூ பொலார்ட், சிசிலாக ஜெஃப்ரி ஹொலண்ட். மூன்று பேரும் அதற்கு முன்பே வேறு தொடர்களில் சேர்ந்து நடித்தவர்கள். ஒருவர் பேசி முடிக்கும் முன்பே மற்றவரின் முகம் மாறுகிற பழக்கம் அதனால் வந்தது.

எழுதியவர்கள் டேவிட் குரொஃப்ட், ரிச்சர்ட் ஸ்பென்ட்லவ். குரொஃப்ட் பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடர்களில் பெரிய கை. ஸ்பென்ட்லவ் ரயில்வேயில் வேலை பார்த்தவர். எந்தக் காட்சியில் ரயில்வேக்காரனின் கை பட்டிருக்கிறது என்று எனக்குப் பார்த்தவுடனே தெரிந்தது.

கேள்வி: சேர், நீங்கள் எழுதியதை நம்பி இரண்டு பகுதி பார்த்தேன். ஒன்றுமே நடக்கவில்லை. ஒரு ரயில் வருகிறது, போகிறது. மற்ற நேரமெல்லாம் கதைத்துக்கொண்டே இருக்கிறார்கள். இதில் என்ன இருக்கிறது? – வாசகர், கல்முனை

தம்பி, நீங்கள் சொன்ன அந்த ‘மற்ற நேரம்’ இருக்கிறதே, அதில்தான் எல்லாம் இருக்கிறது.

சின்ன ஸ்டேஷன் ஒன்றில் ரயில் நிற்பது இரண்டு நிமிடம். அடுத்தது வர மணிக்கணக்காகும். அந்த இடைவெளியில் சம்பளத்துக்கு இருக்கிற மனிதர்கள் என்ன செய்வார்கள் என்பதுதான் இந்தத் தொடர். சிக்னல் கேபினில் இருக்கிற ஹாரி லாம்பெர்ட் என்ற பாத்திரத்தைக் கவனித்தீர்களா? ரயில் குறைவு என்பதால் கேபினுக்குள்ளேயே ஆட்களுக்கு முடி வெட்டுகிறார், மணிக்கூடு திருத்துகிறார், மரக்கறி விற்கிறார். இதைப் பார்க்கிறவர்கள் சிரிப்புக்காகக் கூட்டிச் சொன்னது என்று நினைப்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. எனக்குக் கீழே வேலை செய்த போர்ட்டர் ஒருவர் பிளாட்போம் முடிகிற இடத்தில் கொச்சிக்காயும் கத்தரியும் நட்டு ஸ்டேஷன் குவாட்டர்ஸ் அத்தனைக்கும் கொடுத்தார். இன்னொருவர் குடை திருத்துவார். மழைக்காலத்தில் எங்கள் பொதி அறையில் பொதியைவிடக் குடை அதிகம். ஊர்ச் சனம் என்னிடம் விண்ணப்பப் படிவம் நிரப்ப வருவார்கள். கொழும்பில் வேலை செய்கிற மகனுக்குக் கடிதம் எழுதித் தரச் சொல்லி வருவார்கள். ‘பெரியையா, கோச்சி எத்தனை மணிக்கு?’ என்று கேட்டுக்கொண்டு வருகிறவருக்குக் கோச்சியில் போகிற எண்ணமே இராது. நிழலில் இருந்து கதைக்க அது ஒரு சாட்டு.

ஆனால் வேலை இல்லாத இடம் என்று எண்ணிவிடாதீர்கள். எங்கள் பாதை ஒற்றைத் தண்டவாளம். கந்தோர் மூலையில் மணியோடு கூடிய கனத்த பெட்டி ஒன்று இருக்கும். டேப்லட் பெட்டி என்போம். பக்கத்து ஸ்டேஷனிலிருந்து மணி அடிக்கும். நான் திருப்பி அடிப்பேன். இரண்டு பேரும் சம்மதித்தால்தான் பெட்டியிலிருந்து ஓர் உலோகத் தட்டு வெளியே வரும். அதைத் தோல்பையில் போட்டு, பையைப் பெரிய வளையத்தில் மாட்டி டிரைவரிடம் கொடுக்க வேண்டும். அது கையில் இல்லாமல் எந்த எஞ்சினும் அந்தத் துண்டுப் பாதைக்குள் நுழையக் கூடாது. அந்தத் தட்டு அடுத்த ஸ்டேஷன் பெட்டிக்குள் போய் விழும்வரை இன்னொரு தட்டு வெளியே வராது. இரண்டு ரயில் நேருக்கு நேர் மோதாமல் காக்கிற ஏற்பாடு இவ்வளவுதான். நிற்காமல் போகிற ரயிலிலிருந்து வளையம் கைக்கு வரும்போது தோள்வரை அதிரும். முடி வெட்டிக்கொண்டிருந்தாலும் மணி அடித்த கணத்தில் ஹாரியின் முகம் மாறுகிறதே, அதை நடித்த ஸ்டீபன் லூயிஸுக்கு யாரோ தெரிந்தவர் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

இன்னொன்று. சிசிலும் ஜாக்கும் சண்டை பிடித்துவிட்டு வேறு வேறு வீட்டுக்குப் போய்விட முடியாது. குடியிருப்பும் ஸ்டேஷன் வளவுக்குள்ளேதான். காலையில் முகம் கழுவுகிற இடத்திலேயே எதிரியைப் பார்க்க வேண்டும். எங்கள் குவாட்டர்ஸும் அப்படித்தான். ரயில் ஒரு மணித்தியாலம் தாமதம் என்பது பிளாட்போமில் நிற்கிற பயணிக்கு முன்பே என் மனைவிக்குத் தெரிந்துவிடும், உலையைத் தள்ளி வைத்துவிடுவாள். இப்படி ஒரே வளவுக்குள் மாட்டிக்கொண்ட மனிதர்களை வைத்துத்தான் பகிடி எழுத முடியும். ஒருவரை ஒருவர் விட்டுப் போக முடியாது என்பதால் எப்படியாவது சமாளித்தே ஆக வேண்டும். மூன்றாவது பகுதியையும் பாருங்கள் தம்பி, அவசரப்படாமல்.

கேள்வி: பிள்ளைகளோடு இருந்து பார்க்கலாமா? – வாசகர், ஏறாவூர்

பத்துப் பன்னிரண்டு வயதுக்கு மேல் பரவாயில்லை. அடிதடி இல்லை, கெட்ட வார்த்தை இல்லை. ஆனால் ஆண்-பெண் விஷயத்தில் இரட்டை அர்த்தப் பேச்சு அங்கங்கே உண்டு. அந்தக் காலத்து பிரிட்டிஷ் தொடர்களில் இது வழக்கம். எத்தல் ஆண்துணை தேடி அலைவதை வைத்து மறுபடி மறுபடி சிரிக்க வைப்பது எனக்கு ஒப்பவில்லை. தனியாக ஒரு பிள்ளையை வளர்த்து ஆளாக்கிய பெண் அவள். சூ பொலார்ட் அவளை அன்போடு நடித்திருப்பதால்தான் அந்தக் காட்சிகள் தப்புகின்றன.

கேள்வி: தலைப்பில் வருகிற டாக்டர் பீச்சிங் யார்? இங்கிலாந்தில் இன்றைக்கும் அவரைத் திட்டுகிறார்களாமே. அவர் உண்மையில் அவ்வளவு கெட்டவரா? – ஆசிரியை ஒருவர், செங்கலடி

டீச்சர், இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு நன்றி.

ரிச்சர்ட் பீச்சிங் பௌதிகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். ஐ.சி.ஐ. என்ற பெரிய இரசாயனக் கம்பனியில் இருந்தவரை 1961இல் அரசாங்கம் ரயில்வேயின் தலைமைக்குக் கொண்டுவந்தது. சம்பளம் வருடத்துக்கு 24,000 பவுண். அப்போது பிரதமருக்கே 10,000தான். ஆகவே வந்த அன்றைக்கே சனத்துக்குக் கோபம். ரயில்வே பெரும் நட்டத்தில் ஓடியது. 1963 மார்ச் 27இல் அவருடைய அறிக்கை வெளிவந்தது. 2,363 ஸ்டேஷன்களை மூட வேண்டும், ஏறத்தாழ 5,000 மைல் பாதையை எடுத்துவிட வேண்டும் என்றது. மொத்தப் பாதையில் மூன்றில் ஒரு பங்கு, பயணிகளில் நூற்றுக்கு ஒன்றைத்தான் சுமக்கிறது என்று கணக்குக் காட்டினார்.

கணக்குப் பொய்யில்லை. எடுத்த விதம்தான் பிழை என்பது என் அபிப்பிராயம். பயணிகளை எண்ணியது 1961 ஏப்ரலில் ஒரே ஒரு வாரம். கோடைகாலத்தில் கடற்கரை ஊர்களுக்குப் போகிற கூட்டம் அந்த வாரத்தில் எங்கே வரும்? எங்கள் கல்குடா ஸ்டேஷனை எடுத்துக்கொள்ளுங்கள். மார்கழி மழையில் போய் நின்று எண்ணினால் நாய் ஒன்றும் நிலைய அதிபரும்தான் இருப்பார்கள். அதே இடத்தில் ஆடி, ஆவணியில் நின்று பாருங்கள், பாசிக்குடா போகிற சனம் பாயும் சட்டிபானையுமாக இறங்கும். ஆடி அமாவாசைக்கு மாமாங்கம் கோயிலுக்கு வருகிற கூட்டத்தை வேறு எந்த வாரத்தில் எண்ண முடியும்? ஒரு வாரத்தை வைத்து ஒரு பாதைக்குத் தீர்ப்பு எழுதக் கூடாது, டீச்சர். அதோடு, கிளைப் பாதையில் ஏறுகிறவர் கிளைப் பாதையோடு நின்றுவிடுவதில்லை. அங்கிருந்துதான் பெரிய ரயிலுக்கு வருகிறார். கிளையை வெட்டினால் அவர் பிறகு பெரிய ரயிலுக்கும் வரமாட்டார். ரயிலுக்குப் பதில் பஸ் விடுவோம் என்றார்கள். பல ஊர்களில் அந்த பஸ்ஸும் கொஞ்சக் காலத்தில் நின்றுபோனது.

அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். கொள்கலன்களைத் தூர ஊர்களுக்கு ரயிலில் அனுப்புகிற முறையை வளர்த்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. மூடச் சொன்னது அவர், மூடியது அரசாங்கம். 1964 தேர்தலில் மூடுவதை நிறுத்துவோம் என்று சொல்லி வந்த கட்சியும் தொடர்ந்து மூடியது. அப்புறம், தொடர் எடுத்த ஆர்லி ஸ்டேஷன் 1963 செப்டம்பரில் பயணிகளுக்கு மூடப்பட்டதே, அந்தப் பாதையை மூடுகிற யோசனை அவருடைய அறிக்கைக்கு முன்பே இருந்தது. அவர் தலையில் எல்லாவற்றையும் கட்டுவது சரியில்லை.

ஹட்லியில் இருக்கிறவர்களுக்கு இந்தப் புள்ளிவிபரம் எதுவும் தெரியாது. பத்திரிகை வருகிறது, பெயர்ப்பட்டியலில் நம் ஸ்டேஷன் இருக்குமா என்று பார்க்கிறார்கள். அந்தப் பயம் ஒவ்வொரு பகிடிக்கும் அடியில் ஓடுகிறது. போர் நடந்த காலத்தில் மட்டக்களப்புவரை ரயில் வராத ஆண்டுகளை நாங்கள் கண்டவர்கள். தண்டவாளத்துக்கு நடுவே பற்றை வளர்ந்து, சிலிப்பர் கட்டையை வேலிக்கு எடுத்துக்கொண்டு போய், ஆடு கட்டுகிற இடமாகப் பிளாட்போம் மாறியதைப் பார்த்தவர்கள். எனக்குத் தெரிந்த ஓர் ஆச்சி பொலன்னறுவைக்குத் தயிர் முட்டி கொண்டுபோய் விற்றுத்தான் குடும்பம் பார்த்தவர். ரயில் நின்ற பிறகு லொறிக்காரன் கேட்ட கூலியைக் கொடுக்க முடியாமல் மாட்டை விற்றுவிட்டார். பயணிகள் எண்ணிக்கையில் அவர் ஓர் ஆள். அவ்வளவுதான் கணக்கில் வரும். எங்கள் ரயில் திரும்பி வந்தது. ஹட்லி மாதிரி ஊர்கள் பலவற்றுக்குத் திரும்பி வரவேயில்லை.

கேள்வி: தொடரில் வருவது நீராவி எஞ்சின். நீங்கள் நீராவி எஞ்சின் ஓடிய காலத்தில் வேலை செய்தீர்களா? எங்கள் ரயிலுக்கும் அவர்கள் ரயிலுக்கும் என்ன வித்தியாசம்? – மாணவன், வாழைச்சேனை

நான் சேர்ந்தபோது டீசல்தான், தம்பி. 1954 முதல் கனடா தந்த டீசல் எஞ்சின்கள் இங்கே ஓடுகின்றன. ஒன்ராறியோ, அல்பேர்ட்டா என்று கனடா மாகாணங்களின் பெயரே அவற்றுக்கு வைத்திருந்தார்கள். பிரிட்டனில் நீராவி 1968 ஆகஸ்ட்வரை ஓடியது. ஆகவே 1963 கதையில் நீராவி எஞ்சின் வருவது சரி.

வித்தியாசம் என்றால் முதலில் தண்டவாள அகலம். எங்களுடையது ஐந்தரை அடி, அவர்களுடையது நாலடி எட்டரை அங்குலம். எங்கள் பெட்டி அகலமானது, காற்று நன்றாக வரும். அடுத்தது யானை. வெலிக்கந்தை, புணானைப் பக்கம் இரவில் தண்டவாளத்தில் யானை நிற்கும். அந்தத் துண்டுகளில் வேகத்தைக் குறைத்துத்தான் ஓட்ட வேண்டும். யானை அடிபட்ட செய்தி வந்த இரவுகளில் கந்தோரில் யாரும் சாப்பிடுவதில்லை. ஹட்லிக்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

ஒற்றுமையும் ஒன்று உண்டு. எத்தல் கவுண்டரில் எடுத்துக் கொடுக்கிற சின்ன மட்டை டிக்கட்டைப் பாருங்கள். நாங்களும் அதைத்தான் கொடுத்தோம். தோமஸ் எட்மன்சன் என்ற இங்கிலாந்து நிலைய அதிபர் 1830களில் கண்டுபிடித்தது அது. அதற்கு முன் ஒவ்வொரு பயணிக்கும் கையால் எழுதிக் கொடுக்க வேண்டும். இலக்கம் போட்ட மட்டையாக வந்த பிறகு, மாலையில் கடைசி இலக்கத்தைப் பார்த்தாலே எத்தனை விற்றது என்று தெரிந்துவிடும். திகதி குத்துகிற இயந்திரத்தில் மட்டையைச் செருகினால் ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். உங்கள் வாப்பாவைக் கேட்டுப் பாருங்கள், அவருக்கு அந்தச் சத்தம் ஞாபகம் இருக்கும்.

கேள்வி: உங்களுக்காவது ஸ்டேஷன் இருக்கிறது. கல்லடிப் பாலம் தாண்டினால் அம்பாறை மாவட்டம் முழுக்கத் தண்டவாளமே இல்லை. எங்களைப் பற்றி யார் தொடர் எடுப்பார்கள்? – வாசகர், அக்கரைப்பற்று

உங்கள் ஆதங்கம் நியாயம். அக்கரைப்பற்றிலிருந்து கொழும்புக்கு ரயிலில் போக வேண்டுமென்றால் முதலில் 60 கிலோமீற்றருக்கு மேல் பஸ்ஸில் மட்டக்களப்புக்கு வர வேண்டும். கைக்குழந்தையோடு வந்து இரவு ரயிலுக்காக மாலையிலிருந்தே வாங்கில் காத்திருக்கிற தாய்மாரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பாதையைப் பொத்துவில்வரை நீட்ட வேண்டும் என்ற பேச்சு நான் வேலையில் இருந்த காலத்திலேயே இருந்தது. நீட்டத்தான் வேண்டும். வயல், மீன்பிடி, அறுகம்குடாவுக்கு வருகிற பயணிகள், கல்முனை ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் என்று போக்குவரத்துக்குக் குறைவில்லை. ஆட்களை எண்ண வந்தால் ஒரு வாரம் போதாது, வருடம் முழுக்க எண்ணுங்கள் என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

தொடர் எடுப்பது பற்றி: அக்கரைப்பற்று பஸ் நிலையத்தில் நேரக் கணிப்பாளர் இருக்கிற சின்னக் கூண்டு போதாதா? எழுதத் தெரிந்த பிள்ளை ஒன்று அங்கே ஒரு மாதம் இருந்து பார்க்கட்டும்.

கேள்வி: என் மகன் பர்மிங்காமில் படிக்கிறான். வருகிற வருடம் நான் போகிறேன். அந்த ஸ்டேஷனைப் பார்க்க முடியுமா? – தாய் ஒருவர், பெரியபோரதீவு

முடியும் அம்மா, கட்டாயம் போங்கள். மூடிய அந்தப் பாதையை ரயில் மேல் ஆசை வைத்த சனமே மீட்டெடுத்தார்கள். 1965இல் சங்கம் அமைத்தார்கள். 1970இல் ஒரு துண்டில் ரயில் ஓடியது. 1974இல் ஆர்லி மறுபடி திறந்தது. 1984இல் பாதை கிடர்மின்ஸ்டர்வரை எட்டியது. இன்றைக்கு செவர்ன் வலி ரயில்வே என்ற பெயரில் கிடர்மின்ஸ்டரிலிருந்து பிரிட்ஜ்நோர்த்வரை 16 மைல் ஓடுகிறது. டிக்கட் பார்ப்பது, சிக்னல் இழுப்பது, எஞ்சின் துடைப்பது என்று பெரும்பாலான வேலையைச் செய்வது சம்பளம் வாங்காத தொண்டர்கள். ஓய்வுபெற்றவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சேர்ந்து. இதைப் படித்தபோது எனக்கு அங்கே போய் ஒரு கொடி பிடித்துவிட்டு வர வேண்டும் போல இருந்தது.

பர்மிங்காமிலிருந்து கிடர்மின்ஸ்டருக்குச் சாதாரண ரயில் இருக்கிறது. இறங்கினால் பக்கத்திலேயே இவர்களுடைய ஸ்டேஷன். பியூட்லி தாண்டி ஆர்லிக்கு வருமுன் ஆற்றுக்கு மேலே விக்டோரியா பாலம் வரும். 200 அடி நீளத்துக்கு ஒரே வளைவு, நடுவில் தூண் கிடையாது, வார்ப்பிரும்பு. 1861இல் கட்டியது. எங்கள் மன்னம்பிட்டிப் பாலத்தில் ரயிலும் பஸ்ஸும் ஒரே பாதையில் முறைவைத்துப் போன காலத்தைக் கண்டவர்கள் இந்தப் பாலத்தை ஜன்னலோரம் இருந்துதான் பார்க்க வேண்டும். மகனிடம் முதலே சொல்லி இடம் பிடித்துவிடுங்கள்.

ஆர்லியில் இறங்கி ஒரு ரயிலை விட்டுவிட்டு அடுத்ததில் திரும்புங்கள். இடையில் கிடைக்கிற நேரத்தில் பிளாட்போமில் இருந்து பார்த்தால்தான் தொடரில் கண்ட இடமெல்லாம் பிடிபடும். குளிர்காலத்தில் எல்லா நாளும் ரயில் ஓடாது. நேர அட்டவணையைப் பார்த்துத் திகதியை முடிவு செய்யுங்கள். தடித்த சுவெட்டர் ஒன்றும் கொண்டுபோங்கள். போய்வந்து எனக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், சிக்னல் கேபினின் படம் எடுத்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள்.